சன்னாசி அரசாங்கத்துக்குக் கரண்டு விற்கப் போனது

ஈப்போவை அடுத்த செமோர் வட்டாரத்தில் அரசாங்கத்திடம் கோழிக்குஞ்சு கேட்டவர்கள் உண்டு. உரம் கேட்டவர்கள் உண்டு. நிலத்துக்குப் பட்டா கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்களும் உண்டு. ஆனால் ஆபிஸ் வாசலில் போய் நின்று, "நான் குடுக்குறேன், நீங்க வாங்கிக்குங்க" என்று சொன்ன ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். ஆறாங்கட்டைத் தோட்டத்து இஞ்சின் சன்னாசி. அவர் கொடுக்க வந்தது கோழியும் இல்லை, வாழைத்தாரும் இல்லை. கரண்டு.

சிரிக்கலாம். செமோரே சிரித்தது. ஆனால் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு சிரிப்பது நல்லது.

ரப்பர்த் தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் சன்னாசிக்கு இஞ்சின் வீட்டில் வேலை. மாலை ஆறு மணிக்கு டீசல் இஞ்சினை முடுக்கிவிடுவார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு நிறுத்துவார், எல்லாரும் படுக்கவேண்டியதுதான். வீடுகளில் சுவிட்ச் என்று ஒன்று கிடையாது. கூரையிலிருந்து ஒரு குண்டு பல்பு தொங்கும், அவ்வளவுதான். மொத்த லயத்துக்கும் சுவிட்ச் சன்னாசியின் வலது கை. இதனால் மனிதருக்கு ஏகப்பட்ட மவுசு. ரேடியோவில் நாடகம் என்றால், "அண்ணே, பத்து நிமிசம் கூட விடுங்கண்ணே" என்று ஆள் மேல் ஆள் வந்து நிற்கும். சன்னாசி மோவாயைத் தடவி யோசிப்பது போல் யோசிப்பார். பிறகு, "தொரை உத்தரவு, பத்துன்னா பத்து" என்பார். ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. உண்மையில் துரைக்கு அந்த உத்தரவு நினைவிலேயே இல்லை.

எழுபத்து நாலில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். இஞ்சினையும் விற்றார்கள். அதை லோரியில் ஏற்றுவதற்கு அடித்தட்டு போல்ட்டுகளைக் கழற்றவேண்டும். கழற்றத் தெரிந்த ஆள் சன்னாசி ஒருவர்தான். கழற்றினார். வேறு என்ன செய்வார், பாவம். ஆனால் லயமே வாசலில் நின்று அதைப் பார்த்தது. அன்றைக்கு அணைந்த விளக்கு அணைந்ததுதான். அன்றிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கில் குழம்பு எது ரசம் எது என்று தெரியாமல் போனாலும், பிள்ளைகள் பரீட்சையில் தவறினாலும், பல்லி விழுந்தாலும் பழி சன்னாசிமேல். நாலாம் வீட்டுப் பாப்பா இதில் முதல் ஆள். பால்மரம் சீவப் போகும்போதும் ஏசுவாள், சீவிவிட்டு வரும்போதும் ஏசுவாள்.

"அண்ணே, எங்க வெளிச்சத்தத்தான் லோரியில ஏத்தி அனுப்பிட்டீங்க, இந்த நெலாவையாச்சும் விட்டு வைங்க."

சன்னாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். உள்ளே எரியும். லயத்தில் மறுபடி விளக்கு எரியவேண்டும், அதுவும் தன் கையால் எரியவேண்டும். மனிதருக்கு உலகத்தில் வேண்டியது இது ஒன்றுதான். பெண்டாட்டி ராக்காயியிடம்கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ராக்காயிக்குச் சொல்லாமலே தெரியும்.

கரண்டுக் கம்பி என்னவோ தூரத்தில் இல்லை. பெரிய ரோட்டில் ஓடுகிறது, அரைக்கட்டைத் தொலைவு, அரை மைல்தான். ஆனால் ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பம் நட முடியாது என்றார்கள். லயத்துப் பதிமூன்று வீடும் சேர்ந்து கேட்டால் நடலாம். அப்படிக் கேட்பதானால் லயம் நிற்கிற நிலத்துச் சொந்தக்காரர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் மொத்தம் பதினாறு பேர். ஒருவர் சிங்கப்பூரில். ஒருவர் செத்துப்போய், அவர் பிள்ளைகள் மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இன்னொருவர் யாரென்றே யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு மனு வீதம் ஒன்பது வருடம் மனுப் போட்டார்கள். ஒன்பது தடவையும் ஒரே பதில், ஒரே தட்டச்சுப் பிழையோடு.

சன்னாசி தோட்டக் கணக்கு முடிந்தபோது கிடைத்ததைப் போட்டு லயத்தின் கோடியை ஒட்டினாற்போல் இரண்டு ஏக்கர் வாங்கி, வீடு கட்டி, மரவள்ளியும் சோளமும் போட்டிருந்தார். ஆக, அவர் இப்போது விவசாயி. எண்பத்து மூன்றில் விவசாய ஆபிஸிலிருந்து நோர்டின் என்ற இளம் அதிகாரி வந்து கூட்டம் போட்டார். முகத்தில் இன்னும் பள்ளிக்கூடக் களை மாறாத பிள்ளை. சிறு விவசாயிகளுக்குச் சோதனையாக ஒரு தட்டு தருகிறோம், வெயில் பட்டால் அதில் கரண்டு வரும், அந்தக் கரண்டில் பம்பு ஓடும், இலவசம் என்றார்.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. "உரம் இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. "கோழிக்குஞ்சு?" அதுவும் இல்லை. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்த பாதியில் தூக்கிய கை சன்னாசியுடையது மட்டும்தான். கரண்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே கை தானாக எழுந்துவிட்டது.

தட்டு வந்தது. அரைக் கதவு அகலம், கறுப்புக் கண்ணாடி. கூடவே ஒரு குட்டிப் பம்பும், லோரி பேட்டரி போல ஒரு பேட்டரியும். சுற்றிலும் பால்மரம், நிழல். ஆகவே மரவள்ளிக் காட்டின் நடுவில் கட்டை ஊன்றி அதன் மேல் தட்டை மாட்டினார். பம்பு நாள் முழுக்க முக்கி முனகி ஆறு வாளி தண்ணீர் துப்பியது. ராக்காயி கிணற்றில் கயிறு போட்டு அதைக் கால் மணி நேரத்தில் இறைத்துவிடுவாள். தட்டுக்கு அவள் வேறு உபயோகம் கண்டுபிடித்தாள். கண்ணாடி சூடாக இருக்கிறதே என்று மோர் மிளகாயைப் பரப்பிக் காயவைத்தாள்.

"அது கவர்மெண்டு சாமான்" என்று சன்னாசி குதித்தார்.

"கவர்மெண்டு சாமான்ல மொத மொறையா ஏதாச்சும் ஆவுதேன்னு சந்தோசப்படுங்க."

பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, சன்னாசி பேட்டரியில் ஒரு சின்னக் குழல் விளக்கை மாட்டினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஆறாங்கட்டையில் முதல் விளக்கு. சோற்றுத் தட்டோடு அதன் கீழே உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் வாசல் நிறைய லயத்து ஆட்கள். பாப்பா மட்டும் பேசினாள்.

"நல்லாச் சாப்பிடுங்கண்ணே. நாங்க இருட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். மறுநாள் விளக்கைக் கொண்டுபோய் லயத்து நடையில் மாட்டினார். பதிமூன்று வீட்டுக்கும் நடுவில் அது ஏழரை வரை எரிந்து, எட்டுக்குச் சிவந்து, செத்தது. பாப்பா கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியை சன்னாசியால் தாங்க முடியவில்லை.

செமோர் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஷரபுதீன் பாயின் டீக்கடை. தே நன்றாக இருக்கும். ஆனால் கூட்டம் தேக்காக மட்டும் வருவதில்லை. மலாயில் மனு எழுத, பாரம் நிரப்ப, வந்த பதிலைப் படித்துச் சொல்ல பாயை விட்டால் ஆள் கிடையாது. ஒரு நாள் பாய் பத்திரிகையில் வந்த அறிவிப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். விவசாயி தன் தேவை போக மிஞ்சுகிற விளைபொருளை விற்க அரசாங்கம் உதவி செய்யும். அதை எடுத்துப்போக வழி இல்லையென்றால் வழியும் செய்து கொடுக்கும்.

சன்னாசி தேயை ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆற்றுவதை நிறுத்தினார். பகல் பத்து மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அடிக்கிற வெயிலெல்லாம் வீண்தானே.

"பாய், என்னென்ன வெளபொருள்னு போட்டிருக்கு?"

ஷரபுதீன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "எதுவா இருந்தாலும்னு போட்டிருக்கு."

"கரண்டு?"

"கரண்டுன்னு போடல. கரண்டு ஆவாதுன்னும் போடல."

பக்கத்து மேசையில் லோரி ஓட்டுகிற ஐயாவு, ராக்காயியின் அண்ணன், பரோட்டாவை வாயில் வைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தான். "மச்சான், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒனக்கு ஒரு கட்டில் சொல்லி வக்கவா? சன்னல் ஓரமா கேட்டு வாங்கித் தாரேன்லா."

கடையே சிரித்தது. சன்னாசி சிரிக்கவில்லை. "பாய், ஓனர் கையெழுத்து கேக்குதா?"

பாய் அறிவிப்போடு வந்திருந்த மனுப் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இல்ல. வெளைவிக்கிறவரு கையெழுத்து. அது ஒண்ணுதான்."

சன்னாசி கிளாஸைக் கீழே வைத்தார். "வாங்கணும்னா பதினாறு பேரு கையெழுத்து. விக்கணும்னா நான் ஒருத்தன் போதும். அப்படித்தானே? சரி, வாங்க வர்றவன் கம்பி இல்லாம எதுல பாய் வாங்கிட்டுப் போவான்? வாளியிலயா? கம்பி போட்டுத்தானே ஆகணும்? கம்பி வந்துட்டா, கரண்டு வாரதா போறதான்னு கம்பிக்கா தெரியப் போவுது?"

கடையில் சிரிப்பு நின்றது. ஐயாவு பரோட்டாவை விழுங்கினான். ஷரபுதீன் பேனாவைத் திறந்தார்.

பாரம் நிரப்ப ஒரு முழு மத்தியானம் ஆனது. விளைபொருள் வகை: கரண்டு. விளையும் பருவம்: வருடம் முழுக்க, மழை நாள் தவிர. ஒரு அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைவெளி: ஒரு இரவு. பயிரைத் தாக்கும் நோய் என்ற இடத்தில் பாய் நின்றார். "மேகம்னு போடலாம். பூச்சி?" என்றார். "பூச்சிக்கு எங்க வீட்டுக்காரியப் போடுங்க, தட்டு மேல மொளகா காயவக்கிறா" என்றார் சன்னாசி. பாய் நாசூக்கானவர். 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதிவிட்டார்.

பாரம் போனது. இரண்டு மாதத்தில் ஆபிஸ் லோரி வந்தது. சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். லோரியிலிருந்து ஆறு மூட்டை உரம் இறங்கியது. மேல் மூட்டையில் சீட்டு: பெறுபவர் சன்னாசி, பயிர் கரண்டு. மனுப் போட்ட ஒவ்வொருவருக்கும் முதல் உதவியாக உரம் கொடுப்பது வழக்கமாம். எந்தப் பயிர் என்று மூட்டை கட்டுகிறவர் பார்ப்பதில்லையாம்.

"தட்டுக்கு அடியில போடவா, மேல தூவவா?" என்று ராக்காயி கேட்டாள்.

மரவள்ளிக்குப் போட்டார்கள். அரசாங்க உரமல்லவா, மரவள்ளி வெறி பிடித்து வளர்ந்தது. ஒரே பருவத்தில் ஆள் உயரம் தாண்டி, தட்டையும் தாண்டி, இலை விரித்து வெயிலை மறைத்தது. உதவி கிடைத்த பிறகு விளைச்சல் பாதியானது. சன்னாசி தன் கையால் வளர்த்த மரவள்ளியைத் தன் கையாலேயே வெட்டினார். லயமே இரண்டு வாரம் மரவள்ளிக் கிழங்கு தின்றது. பாப்பா வாங்கித் தின்றுவிட்டு, "கரண்டு நல்லா வெந்திருக்கு" என்றாள்.

அதற்குள் நோர்டின் மாட்டிக்கொண்டிருந்தார். மனுவைத் தள்ளுபடி செய்ய ஒரு விதி வேண்டும். கரண்டு விளைபொருள் இல்லை என்று எந்த விதியிலும் இல்லை. அவர் மின்சார ஆபிஸுக்கு எழுதினார். அவர்கள் இது பயிர் சம்பந்தப்பட்டது என்று திருப்பி எழுதினார்கள். கடிதம் ஈப்போவுக்கும் செமோருக்குமாகப் பதினோரு மாதம் பஸ் ஏறி இறங்கியது. கடைசியில் நேரில் பார்த்து அளந்து முடிவு செய்வது என்று இரண்டு ஆபிஸும் ஒத்துக்கொண்டன.

மின்சார ஆபிஸிலிருந்து லியோங் என்ற எஞ்சினியர் வந்தார். நடுத்தர வயசு, அதிகம் பேசாதவர். ராக்காயி நல்லெண்ணத்தில்தான் செய்தாள். பெரியவர்கள் பார்க்க வருகிறார்களே, பளபளவென்று இருக்கட்டும் என்று தட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள். தோட்டத்துத் தூசியும் பழைய மிளகாய் விதையும் அதில் அப்பியிருந்தன. லியோங் அளவுக் கருவியை மாட்டினார். முள் ஒரு நூல் அசைந்தது.

"அங்கிள்," என்றார் லியோங், மலாயில், மரியாதையாகவே, "இது ஒரு விளக்குக்குத்தான் காணும்."

சன்னாசி அசரவில்லை. "துவான், ரப்பர் நட்டா ஏழு வருசம் கழிச்சுத்தானே பால் வருது? இது இப்பத்தானே நட்டிருக்கேன்."

லியோங் சிரித்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் நோர்டினிடம் ஒரு சங்கடம் இருந்தது. விளைபொருளை எடுத்துப்போகப் பாதை போட, நிறுவைக் கொட்டகை கட்ட என்று அந்த வருடம் ஒதுக்கியதில் பாதி மிச்சம். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் மேலிடத்தில் ஏச்சு. கரண்டை எடுத்துப்போகப் பாதை என்றால் எது? கம்பமும் கம்பியும்தானே. செலவு எங்களுடையது என்று விவசாய ஆபிஸ் எழுதியதும், கம்பம் நடுவதற்கு எங்களுக்கு என்ன தடை என்று மின்சார ஆபிஸ் எழுதியது. இரண்டு ஆபிஸும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

எண்பத்து நாலு டிசம்பரில் தோட்டத்து மண்ரோட்டோரமாகக் கம்பங்கள் வந்தன. சன்னாசி ஒவ்வொரு கம்பத்துக்கும் குழி வெட்டும்போது பக்கத்தில் நின்றார். ஷரபுதீன் கடையில் அவருக்கு இப்போது பாய் தானாகவே எழுந்து தே கலக்கினார். "எல்லாரும் கவர்மெண்டுக்குக் கரண்டு பில் கட்டுவான். எனக்கு கவர்மெண்டு கட்டப் போவுது" என்று சன்னாசி சொல்லாத நாள் இல்லை. ஐயாவுகூட, "மச்சான், எனக்கு ஒரு தட்டு சொல்லி வைலா" என்றான்.

இணைப்புக் கொடுக்கிற அன்று செமோரில் பாதி அங்கே இருந்தது. ஷரபுதீன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். கம்பி கடைசிக் கம்பத்திலிருந்து சன்னாசி வீட்டுச் சுவருக்கு இறங்கியிருந்தது, மீட்டர் மாட்டியாகிவிட்டது. சன்னாசி தட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மாலை போடக் காத்திருப்பவர் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

லியோங் அந்த ஒயரைப் பார்த்தார். பிறகு சன்னாசியைப் பார்த்தார். "அங்கிள், இதை இதில் சேர்க்க முடியாது. இது பேட்டரிக் கரண்டு, அது வேற கரண்டு. சேர்த்தால் உங்கள் தட்டு கருகிவிடும்."

சன்னாசிக்கு இது தெரியாமல் இல்லை. இஞ்சின் வீட்டில் இருபது வருடம் இருந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். கம்பி மட்டும் வந்து சேரட்டும், அப்புறம் ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்துவிட்டார். வழி பிறக்கவில்லை. நோர்டின் முகம் வெளுத்தது. லியோங் ஒரு பாரத்தை நீட்டினார்.

"லைன் வந்துவிட்டது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கொடுக்க முடியாது. வாங்குபவர் என்று இதில் கையெழுத்துப் போட்டால் இப்போதே இணைப்பேன். போடாவிட்டால் ஆள் இல்லாத லைன் என்று எழுதி, கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவேண்டும். அதுதான் விதி."

வாங்குபவர். அத்தனை பேர் முன்னால். ஒன்றரை வருடம் கடை கடையாக நின்று விற்கப்போகிறேன் விற்கப்போகிறேன் என்று சொன்ன வாய். சன்னாசிக்குக் காது இரண்டும் சுட்டது. ஒயரைக் கீழே போட்டார். "நான் விக்க வந்தவன், துவான். வாங்க வந்தவன் இல்ல. பிடுங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் காட்டுக்குள் விறுவிறுவென்று போய்விட்டார். ஐயாவு சிரிக்க வாயெடுத்து, தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ராக்காயி பின்னாலேயே போனாள். மனிதர் தட்டுக்கு அடியில், அது போட்ட சின்ன நிழலில் குந்தியிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன். ஒங்களுக்குக் கரண்டு விக்கணுமா, இல்ல லயத்துல வெளக்கு எரியணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, நான் அவங்கள அனுப்பிட்டு ஒல வக்கணும்."

சன்னாசி மண்ணைக் கிளறினார். "சிரிப்பானுங்கடி."

"ஒங்களப் பாத்துச் சிரிக்காம எந்த வருசம் இருந்தானுங்க? இந்த வருசம் வெளிச்சத்துல சிரிக்கட்டும்."

சன்னாசி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நோர்டின் அவசரமாகத் தன் கோப்பில், 'விளைபொருள் முழுவதும் சொந்த உபயோகத்துக்கு; மிச்சம் இல்லை' என்று எழுதி மூடினார். பிள்ளைக்கு உயிர் வந்தது.

லியோங் பாரத்தை நிரப்பினார். "எத்தனை விளக்கு?"

"இருபத்தெட்டு."

லியோங் பேனாவை நிறுத்தினார். "ஒரே வீட்டுக்கா?"

சன்னாசி லயத்தைப் பார்த்தார். தன் வீட்டுக் கோடியிலிருந்து ஒரே கூரையாகப் பதிமூன்று வாசல் வரிசையாகப் போகிறது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என் வீடு கொஞ்சம் நீளம், துவான்."

லியோங்கும் அந்தக் கூரையைக் கடைசி வரை பார்த்தார். பிறகு திரும்பி, ரம்புத்தான் மரத்தில் ஏதோ அதிசயம் இருப்பது போல அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீடு: ஒன்று, விளக்கு: இருபத்தெட்டு என்று எழுதினார்.

லயத்துக்குள் ஒயர் இழுக்கிற வேலையை சன்னாசி வேறு யாருக்கும் விடவில்லை. மூன்று நாள் கூரைக்கடியிலேயே கிடந்தார். எல்லா ஒயரையும் கொண்டுவந்து தன் வீட்டு வாசல் பக்கம் ஒரு பலகையில் சேர்த்தார். பலகையில் ஒரே ஒரு பெரிய சுவிட்ச். லயத்தில் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கரண்டு அப்படித்தான். "ஆறு மணிக்குப் போடுவீங்கதானே, அண்ணே? பத்துக்குத்தானே அடைப்பீங்க?" என்று கேட்டார்கள். சன்னாசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் லோரியில் போனது திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. மோவாயைத் தடவி, யோசிப்பது போல் யோசித்து, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

நாலாம் வீட்டில் ஒயர் அடித்துக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து ஏணியடியில் நின்றாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தார். ஏசவில்லை.

"அண்ணே, எனக்கு எங்க வீட்டுக்குள்ள ஒரு சுவிட்ச் வேணும்."

"அது எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல?"

"நீங்க இருந்தீங்க, அண்ணே. அறுபத்தொம்போதுல எம் மூத்தவன் பொறந்தப்பவும் நீங்கதான் இருந்தீங்க. வலி வந்து மணி பத்து ஆவப் போவுது. மருத்துவச்சி, கொஞ்ச நேரம் வெளிச்சம் கேட்டு வாங்கன்னு எங்க வீட்டுக்காரர ஒங்ககிட்ட அனுப்பிச்சுச்சு. தொரை உத்தரவுன்னு சொல்லிட்டீங்க." பாப்பாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இருந்த ஒரு மண்ணெண்ணெய் வெளக்கையும் மருத்துவச்சி கால்மாட்டுல வச்சுக்கிச்சு. புள்ள நல்லாத்தான் பொறந்தான். ஆனா எம் மொதப் புள்ள மொகத்த நான் மறுநாள் காலையிலதான் பாத்தேன்."

சன்னாசிக்கு அந்த ஆள் நினைவுக்கு வந்தான். மழையில் நனைந்து, மூச்சு வாங்க, இஞ்சின் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்கு என்றும் சொன்னான். தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததும், முள் பத்தில் நின்றதும் நிறுத்தியதும், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லையே என்று பெருமையாக இருந்ததும் நினைவுக்கு வந்தன. இத்தனை வருடமும் இவள் இஞ்சினுக்காகத்தான் ஏசுகிறாள் என்று நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. ஏணியில் நின்றபடியே கண் கலங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

இறங்கினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு செமோருக்குப் போய், பதிமூன்று சுவிட்ச் வாங்கிக்கொண்டு வந்தார். பலகையிலிருந்த பெரிய சுவிட்சைக் கழற்றி, ஒயரை நேராகச் சேர்த்தார். பாப்பா வீட்டுக்குத்தான் முதலில் போனார்.

"எந்த உயரத்துல வக்கட்டும்?"

பாப்பா சுவரோரம் விரித்திருந்த பாயைக் காட்டினாள். "படுத்துக்கிட்டே எட்டுற மாதிரி."

முட்டிபோட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் மாட்டினார். பாப்பா பாயில் உட்கார்ந்து கையை நீட்டி அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அழுத்தினாள், அணைந்தது. மறுபடி போட்டாள். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன மணிக்கு அடைக்கணும், அண்ணே?"

"அது ஒன் இஷ்டம்மா" என்றார் சன்னாசி. திருப்புளியையும் மிச்ச சுவிட்சுகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.